மடக்கை அட்டவணையும் உளவுச் சந்தேகமும்

1950ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில், சீனாவுக்கு அனுப்பவிருந்த ஒரு விஞ்ஞானியின் பெட்டிகளை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். உள்ளே சங்கேத மொழி ஏடுகள் இருப்பதாகப் பேச்சு எழுந்தது. பிரித்துப் பார்த்தபோது அவை மடக்கை அட்டவணைகள்; நாம் பள்ளியில் புரட்டிய அதே அட்டவணைகள்.

அந்த விஞ்ஞானி சியன் ஷூயெசென். 1935இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1945இல் ஜெர்மானிய ராக்கெட் நிபுணர்களை விசாரிக்க அவரைக் கர்னல் தகுதியுடன் அனுப்பியதும் இதே அமெரிக்காதான். ஐந்தாண்டுகளில் காற்று மாறியது. முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் ரகசிய ஆய்வுகளுக்கான அவரது அனுமதி பறிக்கப்பட்டது. ஏறத்தாழ இரு வாரக் காவல், பிறகு ஐந்தாண்டுக் கண்காணிப்பு. உளவு பார்த்ததாக அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரப்படவில்லை. குடியேற்றச் சட்டமே போதுமானதாக இருந்தது. 1955இல் சீனா திரும்பிய சியன், அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்தின் தந்தை எனப் பெயர் பெற்றார். எந்த ஆபத்தை எண்ணி அவரை அடைத்து வைத்தார்களோ, அதை வளர்த்தெடுக்கும் இடத்துக்கே அவரைத் தள்ளிவிட்டார்கள்.

பகை நாட்டின் உளவைக் குற்றவியல் சட்டத்தால் எதிர்கொள்ளக் கூடாது என்பதல்ல நமது வாதம். சீன அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உளவு அதிகாரி ஷூ யான்ஜுன் 2018இல் பெல்ஜியத்தில் கைதாகி, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். விமான எஞ்சின் நிறுவனத்தின் தொழில் ரகசியங்களைத் திருட முயன்றது 2021இல் நிரூபணமாயிற்று. மறு ஆண்டு இருபதாண்டுச் சிறைத் தண்டனை. அங்கே ஒரு செயல் இருந்தது, சாட்சியம் இருந்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது.

சந்தேகம் முதலில் வந்து, அதற்கேற்ற குற்றத்தைப் பிறகு தேடும்போதுதான் சிக்கல். லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் பணியாற்றிய வென் ஹோ லீ, அணுகுண்டு ரகசியத்தைச் சீனாவுக்குக் கொடுத்தார் என்று சந்தேகிக்கப்பட்டார். 1999 டிசம்பரில் கைதானபோது சாட்டப்பட்டவை 59 குற்றங்கள். உளவு அவற்றில் இல்லை, ரகசியக் கோப்புகளைக் கையாண்ட விதமே இருந்தது. ஒன்பது மாதத் தனிமைச் சிறைக்குப் பின் ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர் நீதிமன்றத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

பாடம் நிலைக்கவில்லை. 2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை ‘சீன முன்முயற்சி’யை அறிவித்தது. ஷூ போன்றோரைப் பிடிக்க எழுந்த திட்டம், விரைவில் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தது. அங்கே ஆராய்ந்தது பெரும்பாலும் திருட்டை அல்ல, நிதியுதவி விண்ணப்பங்களில் விடுபட்ட விவரங்களை. ஹார்வர்டின் சார்லஸ் லீபர் சீனத் தொடர்பு பற்றிப் பொய் சொன்னதும் வரி ஏய்த்ததும் 2021இல் நிரூபணமாயின. அவர்மீதும் உளவுக் குற்றச்சாட்டு இல்லை. டென்னசி பல்கலைக்கழகத்தின் அன்மிங் ஹூவின் வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2021 செப்டம்பரில் நீதிபதி அவரை விடுவித்தார். 2021 ஜனவரியில் கைதான எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் மீதான வழக்கை, ஓராண்டு கழித்து அரசே கைவிட்டது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டமும் முடித்துக்கொள்ளப்பட்டது.

குற்றவியல் சட்டம் கேட்க வேண்டிய கேள்வி ‘நீ என்ன செய்தாய்?’ என்பது. அச்சம் கேட்பது ‘நீ யார்?’ என்பது. இரண்டாவது கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை தேடும் அரசு வழக்கில் தோற்பதோடு நிற்பதில்லை. அடுத்து உண்மையான உளவாளியைக் கொண்டு நிறுத்தும்போது, தன் சொல்லை நம்பக்கூடிய ஜூரிகளையும் இழந்திருக்கும். இழப்பு அங்கும் முடிவதில்லை. விடுதலையான பின்னும் தன் ஆய்வகத்தில் அச்சமின்றி அமர முடியாத ஒருவர், சியனைப் போலவே, வேறெங்கோ தன் அறிவுக்கு இடம் தேடுவார். அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை.