கண்ணொளியும் கல்வியும்

"சிறு வயதில் கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும், பெண்பிள்ளையாயின் வரன் அமையாது." இவ்வுரையைத் தெப்ராவில் மட்டுமா கேட்கிறோம்? தமிழர் வாழும் தோட்டந்தோறும் பட்டணந்தோறும் கேட்கிறோம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எளியேன் பதினோராம் வயதில்தான் மூக்குக்கண்ணாடி அணிந்தேன். அதற்குமுன் ஈராண்டுகள், கரும்பலகை எழுத்துத் தெரியாமல் விழித்தமையால் 'மந்தன்' என்னும் பட்டம் சுமந்தேன். பால்மரம் வெட்டிய என் தந்தையார் அன்பிற் குறைந்தவரல்லர். கண்ணாடியைக் கண்டு அஞ்சினார், அவ்வளவே. அவ்வச்சத்திற்கு ஆதாரம் உண்டா? வரலாற்றையே வினவுவோம்.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்ணின் சோர்வன்று. விழி முன்பின்னாக அளவுக்கு மிஞ்சி நீண்டுவிடுவதேயாகும். அதனால் தொலைப்பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகிறது. குழிவில்லை அக்குறையை எவ்வாறு தீர்க்கிறதென்பதை வானநூலறிஞர் கெப்ளர் 1604-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஆனால் விழி ஏன் நீள்கிறது? இவ்வினாவுக்கு விடை காண உலகம் நெடுங்காலம் காத்திருந்தது.

1813-இல் ஜேம்ஸ் வேர் என்னும் லண்டன் கண்மருத்துவர் ஒரு வேற்றுமையைச் சுட்டினார். ஆக்ஸ்போர்டுக் கல்லூரியொன்றில் 127 மாணவருள் 32 பேர் கண்ணாடியை நாடினர். ஏறத்தாழ பதினாயிரம் காலாட்படையினரிடையேயோ கிட்டப்பார்வை மிக அரிதாயிருந்தது. 1867-இல் ஹெர்மன் கோன் என்பார் பிரெஸ்லாவ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்த முடிவை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4 பேர், உயர்தரப் பள்ளிகளில் நூற்றுக்கு 26 பேர். வகுப்பு ஏற ஏறக் குறையும் ஏறிற்று. வகுப்பறையில் வெளிச்சம் பெருக்குங்கள், மேசைகளைத் திருத்துங்கள் என்று கோன் அறைகூவினார்.

நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே 1,10,236 இளைஞரைச் சோதித்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. பள்ளி செல்லாதவருள் நூற்றுக்கு 15 பேருக்கும், பட்டதாரிகளுள் 65 பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. இந்தியருள் நூற்றுக்கு 30 பேர்.

"பார்த்தீரா, படிப்புத்தான் கண்ணைத் தின்கிறது!" என்று முடிவுகட்டச் சிலர் விரைவர். பொறுமின்! 2008-இல் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வமிசத்துப் பிள்ளைகளை, ஆறேழு வயதினரை, ஒப்பிட்டனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை; சிட்னியில் 3 பேருக்கே. வமிசம் ஒன்று. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தனரோ? இல்லை, வாரத்தில் அவர்களே மிகுதியான புத்தகம் படித்தனர்! பெரிய வேற்றுமை யாதெனின், அவர்கள் வாரத்திற்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தனர்.

பகலொளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரப்பித்து, விழியின் நீட்சிக்குக் கடிவாளமிடுகிறதென அறிஞர் கருதுகின்றனர். சீனத்துக் குவாங்சோ நகரில் சில பள்ளிகள் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே அனுப்பின. மூன்றாண்டுகளில் அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு 30 பேருக்கும், மற்றப் பள்ளிகளில் 39 பேருக்கும் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியதென 2015-இல் அறிவித்தனர். ஆகவே குற்றவாளி புத்தகமன்று. வெயில் படாத வாழ்வே பெருங்குற்றவாளி.

இனிக் கண்ணாடி பற்றிய அச்சத்திற்கு வருவோம். அதற்கு விடை நம் மலேசியாவிலேயே கிடைத்தது. 94 பிள்ளைகளை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு முழு வலுவுள்ள கண்ணாடியும், மறு கூறினருக்கு வலுக் குறைந்த கண்ணாடியும் அளித்து ஈராண்டு கவனித்தனர். 2002-இல் வெளியான முடிவு என்ன? வலுக் குறைத்து அணிந்தோருக்கே பார்வை மிகுதியாகக் கெட்டது! கண்ணாடியைக் குறைத்தால் கண் பிழைக்கும் என்னும் நம்பிக்கை அச்சோதனையில் பொய்த்தது.

வளர்ச்சியைத் தடுக்க மருந்தும் உண்டு. அத்ரோப்பின் சொட்டுமருந்து விழி நீள்வதைத் தாமதப்படுத்துமெனச் சிங்கப்பூர் மருத்துவர் 2006-இல் காட்டினர். வலுமிக்க மருந்தால் கண் கூசிற்று. கிட்ட உள்ளவை மங்கின. நிறுத்தியதும் குறை விரைந்து வளர்ந்தது. ஆகவே நூற்றுக்கு 0.01 வீதமான மென்மருந்தை ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டனர். இன்று இதற்கெனச் சிறப்பு வில்லைகளும் உள. இவையாவும் கண்மருத்துவர் மேற்பார்வையில் கொள்ளத்தக்கன. நீண்ட விழியைச் சுருக்க வல்லது எதுவுமில்லை, நீட்சியை மட்டுப்படுத்தலாம். அதுவும் சிறிதன்று: கிட்டப்பார்வை முற்றினால் விழித்திரை பிரிதல் போன்ற கேடுகள் பின்னாளில் வரக்கூடும்.

தோழர்களே! லயத்தில் வளர்ந்த நாங்கள் வறியர். ஆயினும் பள்ளி விட்டால் திடல் எங்களுடையது. இன்றோ தெப்ராவைச் சுற்றிலும் அடுக்குவீடுகள். பிள்ளை பள்ளியிலிருந்து டியூஷனுக்கும், டியூஷனிலிருந்து கைப்பேசிக்கும் செல்கிறது. கல்வி நம்மைத் தோட்டத்து இருளினின்று மீட்டது. அதைக் கைவிடச் சொல்பவன் நம் பகைவன். நாளுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளையை வெளியில் விடுங்கள். முதலாம் வகுப்பில் சேருமுன் கண்ணைச் சோதியுங்கள். மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தால், ஆணாயினும் பெண்ணாயினும், அன்றே வாங்கி அணிவியுங்கள். கரும்பலகையைக் காண முடியாத பிள்ளையை மந்தனென்று பழிக்கும் கொடுமை என்னோடு ஒழியட்டும்.