நயீவ்

அண்மையில் ஒரு கவிதை விமர்சனத்தில் ‘நைவான வரிகள்’ என்று படித்தேன். அசட்டுத்தனம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள், மனம் ஒப்பவில்லை. இந்த ‘நைவ்’ பிரெஞ்சுச் சொல்; அங்கே ஆணுக்கு ‘நயீஃப்’, பெண்ணுக்கு ‘நயீவ்’. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது பெண்பால் வடிவம். ‘பிறப்போடு வந்த’ என்னும் பொருளுள்ள லத்தீன் ‘நாத்திவுஸ்’தான் இதன் வேர். பிரெஞ்சில் மண்ணின் மைந்தரைக் குறிக்கும் ‘நத்தீஃப்’ இதன் உடன்பிறப்பு. பழைய பிரெஞ்சில் இயல்பான, கலப்பில்லாத என்றுதான் பொருள். சூது அறியாதவர் என்பதும், எளிதில் ஏமாறுபவர் என்பதும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. ஓவிய உலகில் பழைய மதிப்பு இன்னும் இருக்கிறது: பாரிஸில் சுங்கச்சாவடி ஊழியராக இருந்து, தானே வரையக் கற்ற ஆன்ரி ரூசோவின் (1844–1910) காடுகளை ‘நயீஃப்’ ஓவியம் என்கிறார்கள். தமிழில் ‘வெகுளி’ என்று சொல்லலாமா? அதன் பயணம் இதைவிட வியப்பானது. திருக்குறளின் 31ஆம் அதிகாரம் ‘வெகுளாமை’. அங்கே வெகுளி என்றால் கடுஞ்சினம். இன்றோ கோபமே அறியாத பிள்ளையை வெகுளி என்று கொஞ்சுகிறோம். ஆனாலும் என் தேர்வு ‘வெள்ளந்தி’. எங்கள் பாட்டி யாரையாவது அப்படிச் சொன்னால், அதில் பரிவும் இருக்கும், ‘யாராவது ஏமாற்றிவிடுவார்களே’ என்ற கவலையும் இருக்கும். நயீவ் என்ற சொல்லுக்குள் இருப்பவை அந்த இரண்டும்தான்.