ஊர் வக்கீலும் பட்டணத்து வக்கீலும்: சென்னையில் மேல்முறையீட்டுத் தொழில் உருவான விதம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியிருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம் என்று வைணவர் போற்றும் ஊர். யாதவப் பிரகாசரிடம் இராமானுஜர் பாடம் கேட்டதும், உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளை மறுத்ததும் இங்கேதான் என்பது மரபு. சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றாமல், எழுத்தில் இருப்பதன் பொருளைக் கொண்டு வாதாடுவதுதான் மேல்முறையீடு என்றால், அந்தக் கலை இவ்வூருக்குப் புதிதல்ல.

இவ்வூர்க்காரர் ஒருவர் நிலவழக்கில் முன்சீப் கோர்ட்டில் தோற்றால், 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ அப்பீல் போகலாம். அங்கும் தோற்றால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அப்போது கட்சிக்காரர் தாமாகப் பட்டணம் போய் வக்கீல் தேடுவது குறைவு. காஞ்சிபுரத்து வக்கீலே வழக்குக் கட்டைத் தமக்குத் தெரிந்த சென்னை வக்கீலிடம் அனுப்புவார். எந்தச் சட்டமும் விதிக்காத இந்த ஏற்பாட்டிலிருந்துதான் தமிழ்நாட்டில் மேல்முறையீட்டு வழக்கறிஞர் என்ற தொழில்முறையாளர் உருவானார் என்பது என் கருத்து.

1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியபோது இரண்டு பழைய நீதிமன்றங்கள் அதில் கலந்தன. ஒன்று, பட்டணத்து வழக்குகளை விசாரித்த சுப்ரீம் கோர்ட். மற்றொன்று, மாவட்ட அப்பீல்களைக் கேட்ட சதர் அதாலத். கலந்தும் தையல் தெரிந்தது. முன்னதன் வேலை ஒரிஜினல் சைடு ஆனது, பின்னதன் வேலை அப்பீல் சைடு ஆனது. ஒரிஜினல் சைடில் ஆங்கில முறைப்படி அட்டர்னி கட்சிக்காரரைப் பார்ப்பார், பாரிஸ்டர் வாதாடுவார்; பணமும் பகட்டும் அங்கேதான். அப்பீல் சைடிலோ வக்கீல் ஒருவரே வக்காலத்தும் வாங்கலாம், வாதமும் செய்யலாம். லண்டன் போய்ப் படிக்க வசதியில்லாத இந்தியர் பெரும்பாலும் இங்கேதான் இடம் பிடித்தார்கள்.

இளைத்த பக்கம் என்று கருதப்பட்ட இதுவே அவர்களுக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று. மாவட்டங்களிலிருந்து வந்தவை தத்து, பாகப்பிரிவினை, இனாம் நிலம், கோவில் மிராசு. காஞ்சி வரதராசப் பெருமாள் கோவிலில் பிரபந்தம் ஓதும் அத்யாபக மிராசு பற்றிய வடகலை, தென்கலைத் தகராறு 1882-லேயே உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாகியிருக்கிறது. இத்தகைய வழக்கில் சம்பிரதாயம் தெரிந்து, தமிழ் ஆவணத்தை மூலத்திலேயே படித்து, அதை ஆங்கில வாதமாக்க வேண்டும். லண்டன் படிப்பு மட்டும் இதற்குப் போதாது. வி. பாஷ்யம் அய்யங்கார் போன்றவர்களின் புகழ் இந்த வேலையில்தான் எழுந்தது. வக்கீலாயிருந்த அவர் 1897-இல் தற்காலிக அட்வகேட் ஜெனரலானார். 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் வக்கீல்களின் முயற்சிதான். சதர் அதாலத்திலோ உயர் நீதிமன்றத்திலோ 10 ஆண்டு தொழில் செய்த பிளீடர் நீதிபதியாகலாம் என்று 1861-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. உயர் நீதிமன்ற வழக்கறிஞர் நீதிபதியாக இன்றைய அரசியலமைப்பு கேட்பதும் அதே 10 ஆண்டுதான்.

வக்கீல், பாரிஸ்டர் வேறுபாட்டை 1926-ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டம் பெருமளவு துடைத்தது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி தொழில் செய்ய உரிமையுள்ளவர்கள் ஒரே வகுப்பினர். ஆகவே சட்டப் பட்டம், பார் கவுன்சில் பதிவு, 2011 முதல் நடக்கும் அகில இந்திய பார் தேர்வு ஆகியவற்றைத் தாண்டி அப்பீலுக்கென்று தனித் தகுதி ஏதும் ஏட்டில் இல்லை. ஆனால் தொழிலில் இருக்கிறது. கீழ்க் கோர்ட்டுகள் உண்மை பற்றிக் கண்ட முடிவு தவறாகவே இருந்தாலும் இரண்டாம் மேல்முறையீட்டில் அதைத் தொட முடியாது என்று அன்றைய கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் 1890-இல் சொல்லிவிட்டது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் இறுக்கி, கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அப்பீலே ஏற்கப்படும் என்றாக்கியது. எனவே ஆயிரம் பக்கக் கட்டைப் படித்து அதற்குள்ளிருந்து இரண்டு மூன்று கேள்விகளை எடுக்கத் தெரிந்த ஜூனியருக்குத்தான் சீனியர் அலுவலகத்தில் மதிப்பு. கணீரென்ற குரல் இரண்டாம்பட்சம். அட்மிஷன் கட்டத்திலேயே பல அப்பீல்கள் விழுந்துவிடுகின்றன. அங்கே கிடைக்கும் சில நிமிடங்களில் காப்பாற்றுவது குரலல்ல, அப்பீல் மெமோவில் எழுதிய கேள்விதான்.

இன்னொரு திறமைக்கு உரிய மதிப்பு இதுவரை கிடைக்கவில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியமும் ஆவணமும் பெரும்பாலும் தமிழில். உயர் நீதிமன்ற மொழியோ ஆங்கிலம். தமிழும் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டும் நிலைமை மாறவில்லை. அதனால் பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் மொழிபெயர்த்து டைப்டு செட் எனும் தட்டச்சுத் தொகுப்பைத் தயாரிப்பது ஒவ்வொரு அப்பீலிலும் உள்ள வேலை. மிராசு என்பதையும் அனுபோகம் என்பதையும் பிழையாக மொழிபெயர்த்தால் வழக்கே திசைமாறும். இதைக் கூலிக்குச் செய்யும் எழுத்து வேலையாக நடத்துவது தொழிலுக்கு நல்லதல்ல.

அரசு வழக்கறிஞர் பதவிகளும் நீதிபதிகளின் ஆய்வு உதவியாளர் பணியும் இளைஞருக்கு நுழைவாயில்கள். 2004-இல் திறந்த மதுரைக் கிளை தென்மாவட்டத்தாருக்குப் பட்டணப் பயணத்தை மிச்சப்படுத்தியது, காஞ்சிபுரத்துக்குச் சென்னைதான். உயர் நீதிமன்றத்துக்கு மேலுள்ள படியில்தான் தனித் தகுதி வருகிறது. 1949 வரை கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1950 முதல் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கு. அங்கே மனுத் தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஆக வேண்டும்: நான்கு ஆண்டு அனுபவம், பிறகு பதிவுபெற்ற ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சி, தேர்வு, நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம், பதிவுசெய்த குமாஸ்தா.

பெருந்தொற்றுக் காலத்தில் வந்த காணொலி விசாரணையும் இணையத் தாக்கலும் ஊர் வக்கீலுக்கும் பட்டணத்து வக்கீலுக்கும் இடையிலான பழைய கொடுக்கல் வாங்கலை அசைத்திருக்கின்றன. சென்னை வரையான அப்பீலைக் காஞ்சிபுரத்து வக்கீல் தம் அறையில் இருந்தபடியே நடத்த வழி பிறந்திருக்கிறது. அங்குள்ள அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஒருவர் அமர்த்தினால் டெல்லியிலும் அவர் திரையில் தோன்றி வாதாடலாம். ஆனால் வழக்கைத் தாக்கல் செய்ய அந்த 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பவரைத்தான் இன்னும் தேட வேண்டும்.