கயிறில்லாத புளியமரம்

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்ந்தவன் நான். மருந்து முக்காத வெறுங்குச்சிக்கும் கரிசல் மண்ணுக்கும் கோவில்பட்டியில் பஞ்சமில்லை. அவற்றைக் கொண்டு பழைய இடங்களைச் சின்ன அளவில் செய்து பார்ப்பது என் கிறுக்கு.

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நூற்றில் ஒரு பங்காகச் செய்தேன். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், முழுக்க மண் என்று கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் குறிப்புகள் சொல்கின்றன. என் மேசையில் அது ஐந்தடிக்கு மூன்றடி. வெறும் கரிசல் மண்ணில் எழுப்பிய மதில் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. மூன்று தடவை இடித்துக் கட்டினேன். "வைக்கோலப் பொடியா நறுக்கிப் போட்டு ரெண்டு நாள் ஊற விடுங்க. மண்வீட்டுல பொறந்தவளக் கேக்காம நீங்களா கட்டுனா?" என்றாள் வீட்டுக்காரி. அதற்குப் பிறகு ஒரு கீறல் விழவில்லை.

அசல் மதிலும் லேசுப்பட்டதல்ல. 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் ஏவிய முதல் தாக்குதல் அதில் மோதித் திரும்பியது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, கும்பினி இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பினார். மார்ச் 31-இல் கும்பினிப் படை பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ புதுப்படையும் பீரங்கியும் கொண்டுவந்து மே 24-இல்தான் பிடிக்க முடிந்தது. இப்போது அங்கே நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

மதில் வரைக்கும் வம்பில்லை. ஆள் பொம்மை வைக்க ஆரம்பித்ததும் வந்தது. சுதந்திர தினக் கண்காட்சிக்குக் கேட்டவர்கள், "கயத்தாறு தூக்கையும் வச்சிருங்க அண்ணாச்சி, கூட்டம் அள்ளும்" என்றார்கள். புளியமரம், கிளை, கயிறு, கட்டபொம்மன். எனக்கும் ஆசைதான். கயிற்றுக்கு நூல்கூட முறுக்கி வைத்துவிட்டேன்.

செய்யுமுன் படித்துப் பார்ப்பது என் வழக்கம். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் பானர்மேனின் அறிக்கையைப் பார்த்தேன். 1799 அக்டோபர் 16. சுற்றுவட்டப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து, எல்லார் கண்ணிலும் படும் இடமாகப் பார்த்து, பழைய கயத்தாறு கோட்டைக்குப் பக்கத்தில் தூக்கில் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 13-இல், கட்டபொம்மனின் காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கழியில் குத்தி நிறுத்தினார்கள். அதுவும் ஊர் பார்க்கத்தான். ஆக, இந்தக் காட்சியை முதலில் ஜோடித்தவன் பானர்மேன். இடத்தையும் பார்வையாளர்களையும் அவன்தான் தேர்ந்தெடுத்தான். அதையே நான் நூற்றில் ஒரு பங்காகச் செய்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டினால் யாருடைய வேலையைச் செய்கிறேன்? முறுக்கிய நூலைத் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அடுத்த தகராறு வீட்டுக்குள்ளேயே. என் மச்சினனுக்கு எட்டயபுரம். "பேர் எழுதி அட்டை வைப்பீங்களா அத்தான்? வர்ற போற பிள்ளையெல்லாம் எங்க ஊரக் கைநீட்டிச் சிரிக்கும்" என்றான். 1959-இல் வந்த கட்டபொம்மன் படத்துக்குப் பிறகு, எட்டயபுரத்துப் பாளையக்காரரின் பெயரான எட்டப்பன் என்பது ஆள் பெயராக இருப்பது போய் வசவாகிவிட்டது. எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது, கட்டபொம்மனைத் துரத்திப்போனது எல்லாம் நிஜம். இரண்டு பாளையத்துக்கும் எல்லைத் தகராறு வெகுநாளாக இருந்தது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். தொண்டைமான் பெயரைச் சொல்லி யாரும் திட்டுவதில்லை. சினிமாவின் கைங்கரியம் அப்படி.

ஜெர்மனியில் விற்கும் மாடல் விமானப் பெட்டிகளில் ஹிட்லர் காலத்து வால் சின்னத்தை முழுசாக அச்சடிப்பதில்லை. அந்த நாட்டுச் சட்டம் அப்படி. நமக்குச் சட்டம் எதுவும் கிடையாது, மச்சினன்தான் உண்டு. எட்டயபுரத்தாரை எடுத்துவிடு என்று அவனும் கேட்கவில்லை, கேட்டாலும் எடுத்திருக்க மாட்டேன். அட்டை மட்டும் வைக்கவில்லை.

பிணம் கிடக்கும் களத்தை ஒரு மூலையில் செய்திருக்கிறேன். 1801-இல் கோட்டை விழுந்தபின் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடிக் களத்துக்கு வந்ததையும், குற்றுயிராகக் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிப்போய் ஒளித்ததையும் அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், துணி போர்த்திக் கிடந்தவரைக் காட்டி, பிள்ளைக்குப் பெரியம்மை என்றார்களாம். வந்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள். அந்தப் பெண்கள் இல்லாமல் வெறும் பிணங்களை நான் வைத்திருக்க மாட்டேன்.

கயத்தாற்றில் மரம் இருக்கிறது, கயிறு இல்லை. இரு பக்கமும் பாளையக்காரர்கள் நிற்க, நடுவில் கட்டபொம்மன் நடக்கிறார். தளராத நடையோடு போனார், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார் என்று தூக்கில் போட்டவனே எழுதி வைத்திருக்கிறான். பதினேழு மில்லிமீட்டர் பொம்மைக்குக் கண் எழுத முடியாது. ஈரம் காய்வதற்குள் ஊசியால் கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தேன்.