அட்டையில்லாத முதல் கட்டு: ‘பொன்னியின் செல்வன்’ முகப்புகளை ஒப்பிடுதல்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் பதிப்புகளின் அட்டைகளை ஒப்பிடுவோர் அச்சு நூல்களை வரிசையாக அடுக்கித் தொடங்குவது வழக்கம். அட்டைப் படமே இல்லாத ஒரு கட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்து வைத்த வீடுகள் பல. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து அத்தகைய கட்டுகள் இறங்குவதுண்டு. வெளியே வெறும் துணி, மையில் எழுதிய தலைப்பு. படங்கள் எல்லாம் உள்ளே, ஓவியர் மணியம் வரைந்தவை. ஆகவே தமிழ் வாசகருக்கு இந்நாவலின் முகங்கள் உள்ளிருந்தே பழகின. பின்வந்த அட்டைகளில் பல அந்த உள்முகத்தை வெளியே கொண்டுவரும் முயற்சிகளே.

அந்த இடமாற்றத்தில் ஓர் இழப்பு இருக்கிறது. மணியத்தின் படம் அந்த வாரத்து நிகழ்ச்சிக்காகப் பிறந்தது: ஒளிந்து கேட்பது, திடுக்கிட்டுத் திரும்புவது, சொல்ல வந்ததை விழுங்குவது. அட்டைக்குப் போனதும் நிகழ்ச்சி உதிர்ந்து உருவம் மட்டும் மிஞ்சுகிறது. கொண்டையை வைத்தே குந்தவை யார், நந்தினி யார் என்று சொல்லிவிடுகிறோம். படத்தில் இருப்பவள் அப்போது யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள் என்பது போய்விடுகிறது.

நூற்கட்டின் அமைப்பும் இதில் பங்கு கொள்கிறது. ஐந்து பாகங்களுக்கு ஐந்து அட்டை என்றால் ‘புது வெள்ளம்’ பாகத்தை வந்தியத்தேவனுக்கும் ‘கொலை வாள்’ பாகத்தை நந்தினிக்கும் தரலாம். ஒரே தொகுதி என்றால் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். தலைப்புக்குரிய அருள்மொழிவர்மனையோ வந்தியத்தேவன் நேரில் சந்திப்பது இரண்டாம் பாகத்தில், ஈழத்தில்தான். பெயர் ஒருவருடையது, பயணம் இன்னொருவருடையது. ஒற்றை அட்டைக்கு இது தீராத சிக்கல்.

1999இல் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. எழுத்து பொதுவாயிற்று, ஓவியம் ஆகவில்லை. ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை ஓவிய உரிமை நீடிக்கும் என்பது இந்தியச் சட்டம். மணியம் மறைந்தது 1968இல். நாவலை யாரும் அச்சிடலாம், அதனுடன் பிறந்த முகங்களை அப்படி எடுத்துவிட முடியாது. இந்த இடைவெளியில்தான் குதிரையும் வாளும் கோயில் விமானமும் அட்டைகளில் பெருகின.

விமானத்தைப் பற்றி எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. கதை நடப்பது சுந்தர சோழரின் இறுதிக் காலத்தில். அருள்மொழிவர்மன் இராசராசனாக அரியணை ஏறியது 985இல், தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்றது 1010இல். அந்த விமானத்தை அட்டையில் நிறுத்துவது, அரியணையை விட்டுக்கொடுக்கும் ‘தியாக சிகரம்’ என்ற இறுதிப் பாகத்தின் மீது வெற்றிச் சின்னத்தை நட்டுவிடுவது. மணிரத்னத்தின் 2022, 2023 திரைப்படங்களுக்குப் பின் வந்த போர்க்கோல அட்டைகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. நாவலோ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், தனிக் குதிரைவீரன் ஒருவனுடன் தொடங்குகிறது. இன்று வீராணம் எனப்படும் அந்த ஏரியின் தண்ணீர் 2004 முதல் குழாய்வழி சென்னைக்கு வருகிறது; பொன்னியின் பெயர் தாங்கிய அட்டைகளில் நீரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூலகப் பட்டியல்களில் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு இருக்கின்றன. அட்டை ஓவியர் பெயர் பெரும்பாலும் இல்லை. கிழிந்த நூலை மறுபடி பைண்டு செய்கையில் அட்டையே போய்விடுகிறது. பழைய இதழ்களைப் பேணும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அருகிலேயே இருக்க, பரணிலிருந்து இறங்கும் காலிகோ கட்டுகளை எடைக்குப் போடுமுன் யாராவது ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.