சிறு கோள்களை எடையிட்ட வரலாறு



செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியிலே சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள்களை, வானில் உலவும் பெரும் பாறைகள் என ஒரே வாக்கியத்திற் கூறி மாணவருக்குக் கற்பித்து விடுகின்றோம். அவை மெய்யாகவே பாறைகள்தாமா என்று வினவின், விடை அத்துணை எளிதன்று. ஒரு பொருளின் இயல்பை உணர்வதற்கு அதன் அடர்த்தி தெரிதல் வேண்டும். அடர்த்திக்குத் திணிவு வேண்டும். கைக்கெட்டாத பொருளை எந்தத் தராசில் நிறுப்பது?

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், பியாசி என்னுந் துறவி, முதற் சிறு கோளாகிய சீரிசை 1801 ஜனவரி 1ஆந் திகதி கண்டார். வெஸ்தாவை 1807இல் ஒல்பேர்ஸ் கண்டார். பாதைகளைக் கணித்தவர்களுக்கு எடை மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. அரேத்தே என்னும் மற்றொரு சிறு கோள் 18 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெஸ்தாவை அணுகிச் செல்வது. அவ்வேளை வெஸ்தாவின் ஈர்ப்பினால் அதன் பாதை இம்மியளவு பிறழ்கின்றது. அப்பிறழ்வைக் கொண்டே ஹான்ஸ் ஹேர்ட்ஸ் 1966இல் வெஸ்தாவின் திணிவைக் கணித்தார். அது சூரியனின் திணிவில் ஏறக்குறைய 800 கோடியில் ஒரு பங்கு! பின்னர் 2011இல் 'டோன்' விண்கலம் வெஸ்தாவை அடைந்து அளந்தபோது, அதன் அடர்த்தி நீரினும் ஏறத்தாழ மூன்றரை மடங்கெனத் தெளிவாயிற்று. வெஸ்தாவைப் பொறுத்தவரை, பாறை என்ற சொல் பிழையன்று.

ஆனால் மத்தில்டே என்னும் சிறு கோளின் கதை வேறு. 1997 ஜூன் 27ஆந் திகதி, 'நியர்' என்ற விண்கலம் அதனை 1,200 கிலோமீற்றர் தொலைவிலே கடந்தது. வானொலி கேட்கும் நமக்கு இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. அங்கே தராசாக அமைந்தவை வானொலி அலைகளே. நிலையத்தைக் கடந்தோடும் புகையிரதத்தின் ஊதலொலி நம் செவிக்குச் சுருதி மாறிக் கேட்பதில்லையா? அவ்வாறே, மத்தில்டேயின் ஈர்ப்பினால் கலத்தின் வேகம் சிறிது மாற, அது பூமிக்கு அனுப்பிய அலைகளின் அதிர்வெண்ணும் மாறியது. அம்மாற்றத்திலிருந்து பெற்ற அடர்த்தி, நீரைப்போல் 1.3 மடங்கு மாத்திரமே. கரிபோற் கறுத்த அக்கோள், காபன் செறிந்த விண்கற்களை ஒத்த பொருளாலானது என்று கருதினர். அக்கற்களின் அடர்த்தியோ ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே மத்தில்டேயின் உள்ளே பாதி வெறும் இடைவெளி!

பென்னு இன்னும் இலேசானது. அதன் அடர்த்தி 1.19. அது ஈர்ப்பினால் ஒட்டிக் கிடக்கும் கற்குவியல். 2020 ஒக்டோபர் 20இல் 'ஒசைரிஸ்-ரெக்ஸ்' கலத்தின் கரம் அதனைத் தொட்டபோது, எதிர்ப்பேதுமின்றி அரை மீற்றர் வரை உள்ளே புதைந்தது. 2023 செப்டெம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்த 121.6 கிராம் மண்ணில் காபனும், நீரைத் தன்னுட் கொண்ட களிக் கனிமங்களும் காணப்பட்டன.

இக்கணக்குகள் வெறும் அறிவு வேட்கையின் பாற்பட்டன அல்ல. 2182இல் பென்னு பூமியை மோதுவதற்கு 2,700இல் ஒன்றளவு வாய்ப்புண்டென 2021இல் கணித்துள்ளனர். இத்தகைய கோளொன்றைத் திசை திருப்ப நேரின், திண்ணிய பாறையை உந்துவதும் தளர்ந்த குவியலை உந்துவதும் ஒன்றாகா. 2022 செப்டெம்பர் 26இல் 'டார்ட்' கலத்தை டைமோபொஸ் என்னும் சிறு துணைக்கோளின் மீது வேண்டுமென்றே மோதவிட்டுப் பார்த்தனர். சிதறிப் பறந்த துகள்கள் எதிர்த்திசையில் உந்தியமையால், கலத்தின் மோதலால் மட்டும் விளைந்திருக்கக்கூடியதினும் மிகுதியாக, அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ 33 நிமிடங் குறைந்தது.