கடல் பின்வாங்கிய காலம்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, இன்றைய கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 3 கிலோமீட்டரை எட்டியது. அந்தப் பனி முழுவதும் கடலிலிருந்து ஆவியாகி எழுந்து, பனிப்பொழிவாக நிலத்தில் விழுந்து, உருகி ஓடாமல் அங்கேயே தங்கிவிட்ட நீர் என்பதால், உலகெங்கும் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தது. பனியையே காணாத வெப்பமண்டல நாடுகளின் உயிரினங்களைப் பனியுகம் பெரிதும் பாதித்தது இந்த வழியில்தான். ஐரோப்பியப் பனியாறுகளையே மையமாகக் கொண்ட நூல்கள் இதற்கு உரிய இடம் தருவதில்லை.

பூமியின் சுற்றுப்பாதை வடிவம், அச்சின் சாய்வு, அச்சு பம்பரம்போல் தள்ளாடும் திசை ஆகிய மூன்றும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் மாறுவதால் வடபகுதியின் கோடை வெயில் கூடிக் குறைகிறது என்றும், கோடை குளிர்ந்தால் முந்தைய ஆண்டின் பனி உருகாமல் சேர்ந்துகொண்டே போகும் என்றும் செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் கணித்துக் காட்டினார். ஆழ்கடல் வண்டல்களை ஆராய்ந்தவர்கள் 1976இல் அக்கணக்கிற்கு வலுவான சான்று அளித்தனர். ஆகவே பனியுகங்களும், அவற்றோடு கடல் விலகியதும் திரும்பியதும், ஒருமுறை மட்டும் நிகழ்ந்தவை அல்ல.

இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் தென்கிழக்காசியா. ஜாவா கடலின் சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு என்பதால், கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஆசியப் பெருநிலத்தோடு இணைந்து ஒரே நிலப்பரப்பாயின. இன்று ‘சுண்டா’ என்று குறிக்கப்படும் அந்நிலத்தின் வழியே புலியும் காண்டாமிருகமும் பரவின. ஆனால் பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடையிலுள்ள நீரிணை 40 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமுடையதாயினும் 200 மீட்டருக்கு மேல் ஆழமானது. ஆதலால் அது ஒருபோதும் வற்றவில்லை. 1856இல் இதைக் கடந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பாலியில் ஆசியப் பறவைகளையும், லொம்போக்கில் ஆஸ்திரேலியாவுக்குரிய கொண்டைக் கிளிகளையும் கண்டு வியந்தார். அவர் வரைந்த எல்லை ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது. அந்த ஆழ்நீரைத் தாண்டி ஆஸ்திரேலியாவை அடைந்த மனிதர்களுக்கு ஏதோ ஒருவகை மிதவை இருந்திருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை.

தமிழகத்திற்கு அருகிலும் இதுவே நிகழ்ந்தது. பாக் நீரிணை மிகவும் ஆழம் குறைந்தது என்பதால், கடல் சிறிது தாழ்ந்தாலே இலங்கை இந்தியாவோடு இணைந்துவிடும். யானையும் சிறுத்தையும் இரு கரைகளிலும் வாழ்வதில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று. இத்தனை முறை நிலப்பாலம் தோன்றியும், இலங்கையின் நன்னீர் நண்டுகளில் ஏறத்தாழ எல்லா இனங்களும் வேறெங்கும் காணப்படாதவை. அதன் புதர்த்தவளைகளில் மிகப் பலவும் அத்தகையனவே. பனியுகங்களில் கடல் விலகியபோதே தென்மேற்குப் பருவமழையும் வலுவிழந்தது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. பாலம் அமைந்த தாழ்நிலம் வறண்ட வெளியாக இருந்ததால், யானைக்கு வழியாக அமைந்த அதே நிலம், ஈரக்காட்டை விட்டு வெளியேற இயலாத தவளைக்குக் கடலைப் போலவே தடையாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிரினப் பகுதியாகக் கருதும் வழக்கம் இந்த வகையில் மறுஆய்வுக்கு உரியது.

பனிப்பாளங்கள் உருகத் தொடங்கியபின் கடல் பல்லாயிரம் ஆண்டுகளில் படிப்படியாக ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. ஜாவாவையும் சுமத்ராவையும் இலங்கையையும் இன்று காணும் தீவுகளாக ஆக்கியது அந்த ஏற்றமே.